காரணம் எழுதும் கட்டம்

தலைமைக்கும் பொதுக்கொள்கைக்குமான நல்கை
என்று கடிதத்தில் இருந்தது.
வேளாண் கல்லூரிகளிலிருந்து பதினொரு பேர்,
ஆளுக்கொரு நீலக் கோட்டு, கழுத்தில் அட்டை,
டொபீகாவில், சட்டமன்றத்தின் செப்புக் கூரைக்குக் கீழே
பதினான்கு வாரம்.

முதல் வாரம் கைகுலுக்கக் கற்றோம்.
நடுச்சாமத்தில் கன்று இழுத்த கைகள்.
இவ்வளவு இறுக்கம் வேண்டாம் என்றார்கள்.
அடுத்த வாரம், எதையும் ஒரே பக்கத்தில் எழுதுவது.
கார்டன் சிட்டியிலிருந்து வந்த டியூ லாம்,
அம்மாவுக்கு இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட்,
ஒரு பக்கத்துக்கு எத்தனை மாடு அடங்கும் என்று கேட்டான்.
யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.
அன்றிலிருந்து மதியச் சாப்பாடு அவனோடுதான்.

எனக்கு வந்தது தண்ணீர்.
மேற்குக் கவுண்டிகளுக்குக் கீழே கிடக்கும் பழைய நீர்
ஆண்டுக்கு இரண்டு அடி இறங்குகிறது.
(அடி என்றால் அளவு என்றுதான் அப்போது நினைத்தேன்.)
இறைப்பதில் ஆறில் ஒரு பங்கைக் குறைக்க ஒரு மசோதா,
அதற்கு ஒரு பக்கக் குறிப்பு, என் கையால்.
வரைபடத்தில் எங்கள் பண்ணை சிவப்புக்குள் இருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
சிவப்பு நன்றாக அச்சாகியிருந்தது.

ஒன்பதாம் வாரம், செவ்வாய்.
வரவேற்பில் இருப்பவருக்குக் காய்ச்சல்,
தொலைபேசிமுன் என்னை உட்காரவைத்தார்கள்.
மஞ்சள் தாளில் இரண்டு பத்தி: ஆதரவு, எதிர்ப்பு.
பெயர், ஊர், அஞ்சல் எண், நன்றி.
வாதாடக் கூடாது. அது விதி.

நாற்பத்தோராவது அழைப்பில்
ஆள் பேசுமுன் என்ஜின் பேசியது.
நான்கு துடிப்புக்கு ஒன்றை விழுங்கும் என்ஜின்.
உலகத்தில் அப்படி விழுங்குவது ஒன்றே ஒன்று,
எங்கள் மூன்றாம் கிணற்றின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

"உங்கள் பெயர்?"
பயிற்சியில் வாங்கிய குரல்,
எனக்கே அது இன்னும் பழகவில்லை.
"வேட் கோர்னர்."
என் தம்பி.
எழுத்துக்கூட்டச் சொன்னேன். விதி.
கூட்டினான், என் பெயரின் பின்பாதியை,
கோழிக்குத் தானியம் போடுவதுபோல்
ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.

"காரணம் ஏதும் பதிய வேண்டுமா?"
காற்று. என்ஜின் ஒன்றை விழுங்கியது.
"பேங்க்காரன் எங்க மண்ணைப் பார்த்துக் கடன் குடுக்கல,
அடியில இருக்குற தண்ணியப் பார்த்துக் குடுத்தான்.
தண்ணியில ஆறுல ஒண்ணைக் குறைச்சா
கடன்ல ஆறுல ஒண்ணைக் குறைப்பானா?
அந்தக் குறிப்பை எழுதினது யாரோ
அவங்ககிட்டக் கேளுங்க."

கேட்டேன்.
அந்தப் பக்கத்தில்
கடன் என்ற சொல்லே இல்லை.

காரணம் எழுதும் கட்டம் தீப்பெட்டி அகலம்.
தாளைத் திருப்பிப் பின்பக்கம் முழுக்க எழுதினேன்.
நன்றி, மிஸ்டர் கோர்னர்.
சரிங்க மேடம், என்று வைத்துவிட்டான்.

குழு கூடவேயில்லை.
ஓர் உறுப்பினருக்குப் பல்வலி, இன்னொருவர் டென்வரில் விமானத்துக்காக.
தலை எண்ணினால் போதவில்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள்.
என் புதுக் குறிப்பு இரண்டு பக்கம் வந்தது.
திருப்பி அனுப்பினார்கள்.
எழுத்தைச் சிறிதாக்கி
ஒரே பக்கமாக மறுபடி வைத்தேன்.

ஈஸ்டருக்கு வீட்டுக்குப் போனபோது
வேட் என்ஜினை நிறுத்திவிட்டு
எஃகு நாடாவில் சாக்கட்டி தேய்த்துக்கொண்டிருந்தான்.
கிணற்றுக்குள் இறக்கினான், இறக்கினான்.
நான் டார்ச் பிடித்தேன்.
மேலே வந்த நாடாவில்
சாக்கு கரைந்திருந்த இடத்தை விரல்நகத்தால் தொட்டு
"இருநூத்திப் பதினேழு. எழுதிக்கோ" என்றான்.

எழுதினேன்.

"எழுத்துக்கூட்டட்டுமா, மேடம்?"

டார்ச் வெளிச்சம் கொஞ்சம் ஆடியது.
என்ஜினை அவன்
இன்னும் போடவில்லை.